கெம்பம்மா கேட்ட பக்கம்

முள்ளை வைத்ததும் முதலில் கேட்பது ஓர் இருமல், அதற்குப் பின் ஆர்மோனியம், அதற்கும் பின் யாரோ ஒருவர் "உக்காருங்கய்யா, மறைக்குது!" என்று கத்துவார். பாட்டு அப்புறம்தான் வரும்.

பிள்ளைகளே, வெள்ளைக்காரன் போகப்போகிறான் என்று ஊரெல்லாம் பேசிக்கொண்டிருந்த நாட்களில், பென்னாகரத்தில் என் அப்பாவின் தையல் கடையில் இருந்த பாட்டுப் பெட்டியில் ஓடிய ஒரு "பிளேட்டை"ப் பற்றிச் சொல்கிறேன். பிளேட்டு என்றால் சோறு தின்கிற தட்டு அல்ல. பாட்டைப் பதித்து வைத்த கறுப்பு அரக்குத் தட்டு. மற்றவை பட்டணத்தில் மூடிய அறைக்குள் பாடியவை. இதுவோ எங்கள் ஊர் மாரியம்மன் திருவிழாப் பந்தலில் சேலத்துப் பாட்டுக்கார அம்மா ஒருவர் பாடும்போதே, காரில் மிஷின் கொண்டுவந்தவர்கள் பிடித்துக்கொண்டு போனது. ஆகவே அது கடைக்கு வந்ததும், ஊரே வந்து பாட்டை விட்டுவிட்டுத் தன் சத்தத்தைத் தேடியது. "அந்த இருமல் என்னுதுங்க" என்று மூன்று பேர் சண்டை பிடித்தார்கள். "பீடிய விடாதீங்க, அடுத்த பிளேட்டுலயும் எடம் கெடைக்கும்" என்றார் அப்பா.

கெம்பம்மா மட்டும் எந்தச் சத்தத்தையும் தன்னுடையது என்று சொல்லவில்லை. எங்களுக்குச் சந்தேகம் வந்ததே அதனால்தான். ஒகேனக்கல் பாதையில் ஒரு சிற்றூரிலிருந்து சந்தை தவறாமல் புளி கொண்டுவருபவள் அவள். வீட்டில் கன்னடம், சந்தையில் தமிழ். கூடையை வாசலில் இறக்கி, "ரெண்டாம் பக்கம் போடுங்கண்ணா" என்பாள். பாதிப் பாட்டு வரைக்கும் தெருவையே பார்த்துக்கொண்டிருப்பாள்; பிறகு சட்டென்று பெட்டியின் குழலுக்குள் தலையை விடுவதுபோல் காதை வைப்பாள்; பாட்டு முடிவதற்குள் கூடையைத் தூக்கிக்கொண்டு போய்விடுவாள்.

"பாட்டுக் கேக்கறவ முடியற மட்டும் கேக்க மாட்டாளா? கொழாய்க்குள்ள என்னமோ மந்திரிச்சுப் போடறா" என்றாள் அம்மா.

"புளியங்கொட்டையா இருக்கும். மொளச்சா நமக்குத்தான் லாபம்" என்று அப்பா சிரித்தார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. சந்தைக்கு மறுநாள் எனக்குக் காய்ச்சல் கண்டிருந்தது. அதை அம்மா கெம்பம்மாவோடு முடிச்சுப் போட்டிருந்தாள். எழுந்து நடமாடத் தொடங்கியதும் குழலுக்குள் கைவிட்டுத் துழாவினேன். தூசிதான் வந்தது. அந்தத் தூசியையும் நான் நம்பவில்லை. அடுத்த சந்தைக்கு முன் பிளேட்டை எடுத்து, வெட்டுத்துணி மூட்டைக்குள் ஒளித்துவிட்டேன்.

அவள் வந்தபோது அப்பா நூல் வாங்கப் போயிருந்தார். "பிளேட்டு ஒடஞ்சு போச்சு" என்று சொல்லிவிட்டு அவள் முகத்தையே பார்த்தேன். அகப்பட்டுக்கொண்ட சூனியக்காரி எப்படி விழிப்பாள் என்று தெரிந்துகொள்ள ஆசை. அவள் தலைக்கூடையோடு அப்படியே தெருவில் உட்கார்ந்தாள்.

"துண்டு இருக்குதா கண்ணு?"

"துண்டு எதுக்கு?"

"அதுல எம் மவ அழுவறா."

உள்ளிருந்து வந்த அம்மா நிலைக்கதவைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாள். திருவிழாவன்று கைக்குழந்தையோடு பந்தலில் முன்னால் உட்கார்ந்திருந்தாளாம் கெம்பம்மா. குழந்தை அழுததும் மிஷின்காரர் முறைத்தாராம். எழுந்து வெளியே போனாளாம். அந்த மழைக்காலத்திலேயே பேதி கண்டு குழந்தை போய்விட்டது. "போட்டோ கீட்டோ ஏதுங்கக்கா எங்களுக்கு? இந்தச் சத்தந்தான் இருந்துச்சு" என்றாள்.

நான் மூட்டையை அவிழ்த்தேன். அம்மா என்னை அடிக்கவில்லை, அடித்திருக்கலாம். அவளே பெட்டிக்குச் சாவி கொடுத்தாள். பாதிப் பாட்டில், கைதட்டலுக்கு நடுவே, பிளேட்டின் கோளாறு என்று நாங்கள் அதுவரை நினைத்திருந்த ஒரு கீச்சுச் சத்தம் வந்தது. அழுகைதான். இரண்டு மூச்சு நேரம்கூட இல்லை.

"எந்திரிச்சுப் போனேன்ல, அதான் சின்னதாயிடுது" என்றாள் கெம்பம்மா.

அதற்குப் பிறகு அம்மா முள்ளை நேராக அந்த இடத்திலேயே வைக்கப் பழகிக்கொண்டாள். சந்தைதோறும் நாலு தடவை, ஐந்து தடவை வைப்பாள். எஃகு முள் ஓடும்போதெல்லாம் அரக்கைக் கொஞ்சம் அரிக்கும் என்பது அப்பாவுக்குத் தெரியும்.

இன்று கடை இல்லை. கெம்பம்மாவும் இல்லை, என் அம்மாவும் இல்லை. பிளேட்டு மட்டும் என்னிடம் இருக்கிறது. போன மாதம் தெரிந்தவர் வீட்டுப் பழைய பெட்டியில் போட்டுக் கேட்டேன். இருமல் இருக்கிறது, மறைக்குது என்று கத்தியவர் இருக்கிறார், திருப்பிப் போட்டால் பாட்டுக்கார அம்மாவும் பாடுகிறார். அந்தப் பக்கத்தில், பாதிப் பாட்டில் மட்டும், ஒரு நெல் அகலத்துக்கு அரக்கு வெளுத்துப்போய்க் கிடக்கிறது. அங்கே முள் வெறும் "கரகர" என்று ஓடுகிறது.