நோன்புக் களைப்பு என்று நினைத்தேன்

போன நோன்பு மாதத்தில், தரம் பதினொன்றில் படிக்கும் என் மகளுக்குப் பகலெல்லாம் கை நடுங்கியது. எதற்கெடுத்தாலும் எரிந்து விழுந்தாள், அறைக்குள் இருந்து அழுதாள். "பசிக் களைப்பு மகள், நோம்பு தொறந்தாச் சரியாகும்" என்றேன். நோன்பு திறந்து சற்று நேரத்தில் சரியாகத்தான் ஆனாள்.

பெருநாளுக்குப் பின், தில்லையடியில் அவள் படிக்கும் பாடசாலையில் வேப் எனும் மின் சிகரெட் பற்றிய வகுப்புக்குத் தாய்மாரையும் அழைத்தார்கள். பழகியவர்களுக்கு அது கிடைக்காத நேரத்தில் கை நடுங்கும், மனம் உடைந்துபோகும் என்றார் வகுப்பு நடத்திய டொக்டர். பக்கத்திலிருந்த மகள் என் கையைப் பிடித்தாள்.

"உம்மா, எனக்கு வந்தது பசியில்ல. நோம்பு தொறந்ததும் அதத்தான் இழுத்தன்."

இப்போது அந்தப் பழக்கத்தை விடுவதற்காக இருவருமாக மனநல கிளினிக்குக்குப் போகிறோம். அவள் சோர்ந்திருந்தால் காரணத்தை நான் சொல்வதில்லை. "என்ன செய்யுது மகள்?" என்று கேட்டுவிட்டு, அவள் சொல்லும்வரை பக்கத்தில் இருக்கிறேன்.