ஐந்தரைக் கட்டை

எங்கள் ஊர் மாதா கோயிலில் எல்லாப் பாட்டும் ஐந்தரைக் கட்டையில்தான் தொடங்கும். கட்டை என்பது பாடுகிறவர்கள் சுருதிக்குச் சொல்லும் அளவு. எண் கூடினால் குரலும் மேலே ஏற வேண்டும். ஐந்தரை பெண் குரலுக்கு உரியது. ஆண்கள் அதைத் தொட முடியாமல் கீழேயே முனகிக்கொண்டு வருவார்கள். ஆனாலும் யாரும் குறை சொன்னதில்லை. அத்தை பாடுவதற்காக அப்பா வைத்த சுருதி அது.

அப்பா அரியலூர்ப் பக்கம் ஒரு சிமெண்ட் ஆலையில் வேலை பார்த்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் கோயிலில் ஆர்மோனியம் வாசித்தார். அத்தை அவருடைய ஒரே தங்கை. தாத்தாவும் பாட்டியும் போன பிறகு எங்களோடுதான் இருந்தாள். அவளுக்கு ஒரு பழக்கம் உண்டு. மேலே போக வேண்டிய இடத்துக்கு முன்னால் மூக்கால் சிறிதாக ஒரு மூச்சு இழுப்பாள். பூசையில் வாசகம் முடிந்ததும் ஒரு நிமிடம் அமைதியாக இருக்கும். பிறகு அந்த மூச்சு கேட்கும். அல்லேலூயா வரப்போகிறது என்று கோயில் முழுவதும் எழுந்து நிற்கும். மணியே தேவைப்பட்டதில்லை.

நான் நான்காம் வகுப்பில் இருந்தபோது அத்தை அரியலூரில் ஓர் இன்னிசைக் குழுவில் சேர்ந்தாள். கல்யாண வரவேற்புகளில் சினிமாப் பாட்டுப் பாடலாம், அம்மன் கோயில் திருவிழா மேடையில் ஏறக் கூடாது என்பது அப்பா போட்ட நிபந்தனை. அத்தையின் ஆசை மேடையோடு நிற்கவில்லை. மாதா பாட்டுகளுக்கு அவளே மெட்டுப் போட்டு வைத்திருந்தாள். எனக்குத் தலை பின்னும்போதெல்லாம் அவற்றை முணுமுணுப்பாள். “ஏலாக்குறிச்சி மாதா திருவிழாக் கடையில நம்ம கேசட்டு தொங்கணும்டி. நீ எல்லாருக்கும் எங்க அத்தைன்னு காட்டணும்” என்பாள்.

ஒரு நாள் இரவுச் சாப்பாட்டின்போது பேச்சை எடுத்தாள். திருச்சியில் கேசட் போடுகிறார்களாம். குழு முதலாளி கூப்பிடுகிறாராம். முதலில் அம்மன் பாட்டு, அது விற்றால் அடுத்தது மாதா பாட்டாம்.

“ஞாயித்துக்கெழம அல்லேலூயா, வெள்ளிக்கெழம ஆத்தாளுக்குக் கூழு. நல்லாருக்கு” என்றார் அப்பா.

“ஏண்ணே, நீங்க மூட்ட மூட்டையா சிமெண்டு அனுப்புறீங்களே, அதுல யாரும் கோயிலு கட்டலியா?”

“சிமெண்டுக்கு வாய் கெடையாது.”

“எனக்கு இருக்குல்ல. அதான் கேக்குறேன்.”

அம்மா சிரிப்பை அடக்க முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். அப்பா பாதிச் சாப்பாட்டில் எழுந்து கை கழுவினார். அதற்குப் பிறகு அந்தப் பேச்சு வீட்டில் வரவில்லை. தோழியின் கல்யாணம் என்று சொல்லிவிட்டு அத்தை ஒரு நாள் திருச்சிக்கு ரயில் ஏறினாள். கேசட் கவரில் தன் பெயர் வேண்டாம், வேறு பெயர் போடுங்கள் என்று கேட்டு வாங்கிக்கொண்டதாகப் பிறகு அம்மாவிடம் சொல்லியிருக்கிறாள். பெயரை மறைத்தால் போதும் என்று அவளும் நினைத்தாள், முதலாளியும் நினைத்தார்.

ஆடி பிறந்தது. மாதா கோயிலுக்குப் பின் தெருவில்தான் மாரியம்மன் கோயில். ஆடியில் அங்கே குழாய் ஒலிபெருக்கி கட்டிக் காலையிலேயே பாட்டுப் போடுவார்கள். எங்கள் பூசையும் அவர்கள் பாட்டும் ஒன்றையொன்று கண்டுகொள்ளாமல் நடப்பது வழக்கம். அந்த ஞாயிறு இரண்டாம் வாசகம் முடிந்தது. அமைதியானது. மூச்சு கேட்டது. எல்லோரும் எழுந்தோம்.

அத்தை ஆர்மோனியத்தின் பக்கத்தில் வாயை மூடியபடி நின்றிருந்தாள். மூச்சு ஜன்னல் வழியாக வந்திருந்தது. அதன் பின்னாலேயே அவள் குரலும் வந்தது, மேளம் எதுவும் இல்லாமல், நீளமாக, மாரியம்மனின் பெயரைச் சொல்லி.

யாரும் உட்காரவில்லை. பங்குச்சாமியார் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கி அப்பாவைப் பார்த்தார். எனக்கு முன் வரிசையில் ஒருத்தி, “அதானே பார்த்தேன்” என்றாள். எதைப் பார்த்தாள் என்று எனக்குத் தெரியவில்லை.

அப்பா ஆர்மோனியத்தில் கையை இடது பக்கம் நகர்த்தினார். அல்லேலூயாவை ஒன்றாம் கட்டையில் தொடங்கினார். அது ஆண்களின் சுருதி. அவர்கள் முதன்முறையாக வாய் நிறையப் பாடினார்கள். அத்தையும் இரண்டு வரி முயன்றாள். குரல் இறங்கி இறங்கித் தொண்டைக்குள் போய்விட்டது. நிறுத்திக்கொண்டாள். அவளை யாரும் பாடக் கூடாது என்று சொல்லவில்லை. சாமியாரும் சொல்லவில்லை. அடுத்த ஞாயிறும் அப்பா ஒன்றிலேயே வைத்தார். அதற்கடுத்த ஞாயிறு அத்தை கடைசி வரிசைக்குப் போய்விட்டாள்.

கேசட் நன்றாக விற்றது. ஜெயங்கொண்டம் பேருந்து நிலையக் கடையில்கூட ஓடியதாகச் சொன்னார்கள். இரண்டாவது அம்மன் கேசட்டுக்குக் கூப்பிட்டபோது, சொன்னபடி முதலில் மாதா பாட்டைப் போடுங்கள் என்றிருக்கிறாள் அத்தை. “மாதா பாட்டுக்கு இப்ப மார்க்கெட்டு இல்லம்மா” என்று சொல்லி முதலாளி வேறொரு பெண்ணை வைத்துக்கொண்டார். ஒவ்வொரு ஞாயிறும் அத்தை தவறாமல் பூசைக்கு வந்தாள், வாயைத் திறந்ததில்லை. வீட்டில் எனக்குத் தலை பின்னும்போதும் சத்தம் இல்லை. அப்பாவும் அவளும் பேசிக்கொள்ளாமல் இருக்கவில்லை. “சோறு போடவா?”, “ம்”, “வெளக்க அணைக்கவா?”, “அணை”. அவ்வளவு பேசினார்கள்.

இரண்டு வருடம் கழித்து அத்தைக்கு மஞ்சள் காமாலை வந்தது. முதலில் கீழாநெல்லி கொடுத்தார்கள், பிறகு பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அங்கிருந்து வேனில் திரும்பி வந்தாள். அதுவும் ஆடிதான். வாசலில் பெட்டியை வைத்தபோது பின் தெருவில் அம்மன் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. திருவிழா நடத்தும் பெரியவர் ஒருவர் துண்டை இடுப்பில் கட்டியபடி வந்து அப்பாவிடம் சொன்னார்: “செட்ட நிறுத்தச் சொல்லிட்டேங்க. பொட்டி எடுக்கிற வரைக்கும் பாட்டு இருக்காது.”

எங்கள் பக்கத்தில் அது மரியாதை. சாவு விழுந்தால் எந்தச் சாமியின் பாட்டும் நிற்கும். அவர் சொல்லி வாய் மூடுவதற்குள் பாட்டு பாதிச் சொல்லில் நின்றது. அது யாருடைய குரல் என்று அவருக்குத் தெரியாது. எங்கள் வாசலில் இருந்தவர்களுக்குத் தெரியும்.

அப்பா எழுந்து செருப்பில்லாமல் நடந்தார். பயந்துபோய் நானும் பின்னால் ஓடினேன். அம்மன் கோயில் பந்தலில் மைக் செட்டுக்காரர் கேசட்டை வெளியே எடுத்துக்கொண்டிருந்தார். வெளியூர்க்காரர்.

“இப்ப நிறுத்தினீங்களே, அந்தப் பாட்டப் போடுங்க.”

“நீங்க சாவு வூட்டுக்காரருதானே? அம்மன் பாட்டுங்க அது.”

“தெரியும்.”

“பெரியவரு என்னத் திட்டுவாருங்க.”

“நான் சொல்லிக்கிறேன். மொதல்லேருந்து போடுங்க.”

அவர் நாடாவைத் திருப்பினார். திரும்பி முடியும்வரை சும்மா இருக்க முடியாமல் கவரை எடுத்துப் படித்தார். “பெரிய பாடகி போலருக்குங்க. எந்த ஊருன்னுதான் தெரியல.”

மூச்சு கேட்டது. எங்கள் வீட்டுப் பக்கம் அழுகை நின்றது. செபமாலை சொல்லிக்கொண்டிருந்தவர்களும் நிறுத்திவிட்டார்கள் போலிருந்தது. குழாய்க்கு நேர் கீழே, பாட்டு முடியும்வரை அப்பா நின்றார். எனக்கு அவர் மேல் தாங்க முடியாத வெறுப்பு வந்தது. செத்த பிறகும் விடாமல், அத்தை செய்த தப்பை ஊருக்கெல்லாம் போட்டுக் காட்டுகிறார் என்று நினைத்தேன்.

அடுத்த ஞாயிறு பூசையில் நான் ஆர்மோனியத்தின் பக்கத்தில் நின்றிருந்தேன். இரண்டாம் வாசகம் முடிந்தது. அப்பா துருத்தியை அமுக்கி ஐந்தரையில் விரலை வைத்தார். வைத்துவிட்டு வாசிக்காமல் இருந்தார். ஒரே சுரம் நீண்டுகொண்டே போனது. எப்போது எழுவதென்று தெரியாமல் கோயிலில் எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள். அப்பாவுக்குச் சுருதி மறந்துவிட்டது என்று நினைத்தேன். யாரும் பார்ப்பதற்குள் கையை நீட்டி ஒன்றாம் கட்டையைத் தொட்டுக் காட்டினேன்.

அவர் என் விரலை மெதுவாக எடுத்து அப்பால் வைத்தார்.