பீச்சாங்கை மவுசு

பக்கவாதம் வந்ததில் அப்பாவின் வலக்கையும் பேச்சும் ஒன்றாகப் போயின. ஆஸ்பத்திரியிலிருந்து செம்மேட்டு வீட்டுக்குத் திரும்பியது முதல் அவர் எதையோ கேட்டுக்கொண்டே இருந்தார். "ம்... ம்..." அவ்வளவுதான் வரும். தண்ணியா, போர்வையா, தோட்டமா என்று அம்மா கேட்கக் கேட்க, இல்லை இல்லை என்று தலையை ஆட்டிச் சோர்ந்து அழுதுவிடுவார். சில்வர் ஓக் மரமேறி மிளகு பறித்த மனுஷன்.

இடக்கையால் காட்டச் சொன்னால் மாட்டார். சோத்தாங்கைதான் கை. மற்றது பீச்சாங்கை, கழுவுவதற்கு. அதை நீட்டிச் சோற்றையோ ஆளையோ காட்டுவது அவருக்கு மரியாதைக்கேடு. சரி, கை காட்ட வேண்டாம், திரையில் அம்பு காட்டட்டும் என்று என் பழைய லினக்ஸ் கம்ப்யூட்டரை எடுத்தேன். தண்ணீர், சோறு, வலி, கழிப்பறை, வீடு, தோட்டம் எனப் படங்கள் வைத்தேன். மவுசை இடக்கைக்கு மாற்றிவிட்டால் முடிந்தது என்று நினைத்தேன்.

எங்கே முடிந்தது! கரண்ட் போய் வந்தால் அந்த மெஷின் வெறும் எழுத்தோடு கறுப்புத் திரையில் நின்றுவிடும். அம்மாவுக்குத் தட்டெழுத வராது. அதனால் அங்கேயும் மவுசால் தொட்டால் படத் திரை வரும்படி ஒரு வழி செய்திருந்தேன். ஆனால் கறுப்புத் திரையின் மவுசுக்கு ஓர் அமைப்பு, படத் திரைக்கு வேறொன்று. ஒன்றுக்குச் சொன்னது மற்றதன் காதில் ஏறாது. இங்கே பொத்தான்களை இடம் மாற்றினால் அங்கே அம்பு அசையாது. அதை எழுப்பினால் இது படுத்துவிடும். "சனியனே!" என்று மேஜையை ஓங்கித் தட்டினேன். ஒருவழியாக இரண்டும் சரியானபோது பொழுது சாய்ந்திருந்தது.

அம்மா அப்போதுதான் கேட்டாள். "ஏங்கண்ணு, இந்த மவுசையும் பீச்சாங்கையிலதானே புடிக்கோணும்?"

"அம்புதாம்மா காட்டுது, கையா காட்டுது?" என்று கத்திவிட்டேன். எனக்கே அது எடுபடவில்லை.

அப்பா மவுசைப் பார்த்தார். பிறகு இடக்கையால் தன் செத்த வலக்கையைத் தூக்கி அதன்மேல் வைத்து, விரலை அழுத்தினார். பொத்தான்கள் இடக்கைக்கு மாறியிருந்ததால் வேண்டாத பட்டியல் ஒன்று விரிந்தது. மறுபடி அழுத்தினார். மறுபடி அதே பட்டியல்.

நான் உட்கார்ந்து, அன்று செய்த அத்தனையையும் இரண்டு திரைகளிலும் பழையபடி சோத்தாங்கைக்கே மாற்றினேன்.

அம்பு நகர்ந்தது. இடக்கை தள்ள, வலக்கை போக, தண்ணீரைத் தாண்டியது. சோற்றை, வலியைத் தாண்டியது. வீட்டில் கொஞ்சம் தயங்கி, தோட்டத்தையும் விட்டுவிட்டு, ஓரத்தில் படமில்லாத இடத்தில் நின்றது. டக். டக். அப்பா என் முகத்தையே பார்த்தார்.

"என்ன கண்ணு, என்ன கேக்கறாரு?" என்றாள் அம்மா.

அந்த இடத்தில் நான் எதையும் வைத்திருக்கவில்லை.