நாலாவது நாள் யாருக்கு

2007 செப்டம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. பூசை முடிந்து தங்கச்சிமடத்தில் வீட்டுப் படியேறிய லீமாரோஸுக்குத் துபாயிலிருந்து போன் வந்தது. பேசியவர் மதார். கீழக்கரைக்காரர்; அவ்வூர் வழக்கப்படி அவள் அவரை 'காக்கா', அதாவது அண்ணன், என்றே கூப்பிடுவாள். 'கலங்கரை' என்ற தமிழ் இணைய மன்றத்தை நடத்துகிறவர்.

"தங்கச்சி, உன் பகுதியப் பாத்தியா?"

"கோயிலுக்குப் போயிட்டு இப்பத்தான் வாரேன் காக்கா. என்ன ஆச்சு?"

"கூத்தையா சேதுராமனை நாயின்னு எழுதிட்டான். சேதுராமன் அவன் ஆபீஸ் போன் நம்பரை எடுத்துப் போட்டுட்டான். நம்பரை நான் தூக்கிட்டேன். வர்ற வெள்ளிக்கிழமை ஜும்மா முடிஞ்சு வந்து உக்காருவேன். அன்னைக்கும் இதே கூத்துன்னா பகுதியவே அழிச்சிருவேன். வல்லாஹி, அழிச்சிருவேன்."

"அழிச்சா, அதுல இருக்குற எல்லாமுமா போகும்?"

"எல்லாமுந்தான்."

லீமாரோஸ் தலையில் போட்டிருந்த முக்காட்டைக்கூட எடுக்காமல் நின்றாள். அவளுக்கு அப்போது முப்பத்தொரு வயது. அப்பா சவேரியார் விசைப்படகு டிரைவர். பத்தாம் வகுப்பும் தட்டச்சும் முடித்திருந்தாள். இருபது வயதில், அக்கா புருஷன் வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்த டிவி கேம் ஒன்றை அந்தத் தெருவில் அவளைவிட நன்றாக ஆடியவர் யாரும் இல்லை. அது பழுதானபோது திருப்புளியை எடுத்துத் திறந்து பார்த்தாள். உள்ளே ஒரு பச்சைத் தகடும் சில கறுப்புப் பூச்சிகளும். வெளியே பித்தானை அமுக்கினால் உள்ளே இருக்கிறவன் ஏன் குதிக்கிறான்? அந்தக் கேள்வி பிறகு அவளை விடவே இல்லை. தெருவில் கேட்டதற்கு, "பொம்பளப் புள்ளைக்கு இது எதுக்கு?" என்பதுதான் பதிலாகக் கிடைத்தது.

ராமேஸ்வரத்தில் ஒரு விசைப்படகுச் சங்க அலுவலகத்தில் வேலை கிடைத்தது. கடலுக்குப் போகும் படகுகளின் பட்டியலை அடித்துத் தருவது வேலை. அந்தப் பட்டியல் மீன்துறைக்குப் போனால்தான் கடலில் இறங்க அனுமதிச் சீட்டான டோக்கன் வரும். அலுவலகத்துக்கு பிராட்பேண்ட் வந்த வாரத்திலேயே 'கலங்கரை'யைக் கண்டுபிடித்தாள். 'உள்ளே என்ன நடக்கிறது?' என்று ஒரு திரி, அதாவது ஒரே தலைப்பில் தொடரும் உரையாடல், தொடங்கினாள். விளையாட்டுப் பெட்டிகளின் உட்புறத்தைத் தமிழில் விளக்கும் திரி அது. எண்பத்தாறு பகுதிகள் வரை வந்துவிட்டது. டொரன்டோவில் ஒரு பள்ளி ஆசிரியர் கேள்வி கேட்டார். கிள்ளானில் ஒரு நர்ஸ் திருத்தம் சொன்னார். ஆறு மாதத்தில் 'விளையாட்டுப் பெட்டி' பகுதியில் வரும் பதிவுகளைக் கண்காணிக்கும் மட்டுறுத்துநராக அவளையே ஆக்கிவிட்டார் மதார்.

எழுதியதை நகல் எடுத்து வைத்துக்கொள்ளலாம்தான். ஆனால் ஒரு கேள்விக்குச் சொன்ன பதில், கேட்டவர் போன பிறகு வெறும் எழுத்தாக மட்டுமே நிற்கிறது. அவளுக்கு வேண்டியிருந்தது அந்த ஆட்கள். அவர்கள் கூடும் இடத்துக்கு இனி ஐந்து நாள்தான் ஆயுள்.

சண்டை இரண்டு பெட்டிகளைப் பற்றியது. கம்பெனிப் பெயர்களை மன்றத்தில் யாரும் சொல்வதில்லை. ஒன்று வெள்ளை, மற்றது கருப்பு. வெள்ளை ஒரு வருடம் முந்தி வந்துவிட்டது. அதற்கு விளையாட்டுகள் அதிகம். கருப்பு பிந்தி வந்தது; அதன் மூளையான சில்லு அந்தக் காலத்துக்கு ஒரு அதிசயம். வெள்ளைக்காக வாதாடியவன் கூத்தையா. சிக்கல் ஊர்க்காரன், பெங்களூரில் வேலை. கருப்புக்குச் சேதுராமன். கடலாடியில் பிறந்து சிங்கப்பூரில் இருந்தான். லீமாரோஸும் மனதுக்குள் கருப்புக் கட்சி. எண்பத்தாறு பகுதிகளுக்கும் முதல் பதில் எழுதியவன் சேதுராமன்தான். அவள் இரண்டு பெட்டிகளையும் தொட்டதில்லை. இதை ஒருமுறை கூத்தையா குத்திக்காட்டினான்: "பெட்டியவே பாக்காத ஆளு நடுவரா?"

அவள் எழுதினாள்: "நான் கடலுக்கும் போனதில்ல. எந்தப் படகு என்னைக்குப் போகணும்னு நான்தான் எழுதுறேன்."

திங்கட்கிழமை காலை அவள் பட்டியலை அடித்து முடிப்பதற்குள் பாம்பனைச் சேர்ந்த நாட்டுப்படகுக்காரர் சூசைமுத்து, அறுந்த வலைத் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு அலுவலகத்துக்குள் வந்தார். சங்கத் தலைவரைத் தேடி மூன்று நாளாக அலைகிறார். கடலில் திங்கள், புதன், சனி விசைப்படகுக்கு. மற்ற நாலு நாள் நாட்டுப்படகுக்கு. இரண்டும் ஒரே நாளில் இறங்கி, வலை அறுந்து மண்டை உடைந்த காலத்தில் செய்துகொண்ட ஏற்பாடு அது.

"வெள்ளிக்கெழம யாரு நாளு, தலைவரே?" என்றார் சூசைமுத்து.

"ஒங்க நாளுதான். ஒரு படகு தெரியாமப் போயிருக்கும், விடுப்பா."

"தெரியாமப் போறதுக்கு அது என்ன ஆட்டுக்குட்டியா? நூத்திருபது குதிரச் சக்தி!"

அலுவலகமே சிரித்துவிட்டது. தலைவரும் சிரித்தார். ஆனால் சிரித்து முடித்ததும் லீமாரோஸைத் திரும்பிப் பார்த்தார். "அந்தப் படகுக்கு ஒரு வாரம் டோக்கன் நிறுத்து. எழுதும்மா."

"அது நம்ம பொருளாளர் மச்சான் படகு, ஐயா."

"யாரு படகா இருந்தா என்ன? நாளு தப்பு."

'ஒரு வாரம் நிறுத்தம்' என்று அடித்த விரல்கள் அப்படியே நின்றன. பிறகு அவள் எழுந்தே விட்டாள். "என்னம்மா, தேள் கொட்டிருச்சா?" என்று தலைவர் கேட்டது காதில் விழவில்லை. பட்டியலை அனுப்பிவிட்டு மன்றத்தைத் திறந்தாள். ஒரே மூச்சில் அறிவிப்பை எழுதினாள்.

"எங்கள் ஊரில் விசைப்படகுக்கு மூன்று நாள், நாட்டுப்படகுக்கு நாலு நாள். இனி இங்கும் அப்படித்தான். ஒரு கட்சி எழுதும் நாளில் மற்றக் கட்சி படிக்கலாம், எழுதக் கூடாது. மீறினால் ஒரு வாரம் டோக்கன் நிறுத்தம். பலசாலிக்கு மூன்று நாள். எளியவனுக்கு நாலு நாள். யார் எளியவர் என்று புதன் நண்பகலுக்குள் நிரூபியுங்கள்."

கடைசி வரியை அவள் யோசித்து எழுதவில்லை. நாலாவது நாளை யாருக்காவது கொடுத்தாக வேண்டும். அதற்காகச் சேர்த்த வரி. ஆனால் எல்லாம் அந்த வரியில்தான் நடந்தது.

முதலில் வந்தவன் கூத்தையா. "எங்களுக்குத்தான் நாலு நாள். கருப்போட சில்லு முன்னால எங்க சில்லு எம்மாத்திரம்? படம் பாக்குற டிஸ்க் தட்டும் அவங்ககிட்டதான். அவங்கதான் விசைப்படகு."

சேதுராமன் விடவில்லை. "எலேய், யாரு விசைப்படகு? ஊரு உலகமெல்லாம் ஒன் பெட்டிதான் நிக்கிது. விளையாட்டு அத்தனையும் ஒங்ககிட்ட. இணையத்துல சேந்து ஆடுறதுக்கு ஒங்கள மாதிரி வசதி எங்களுக்கு ஏது? நாங்கதான் நாட்டுப்படகு, துடுப்பு போட்டுக்கிட்டு இருக்கோம்."

"துடுப்பா? ஒங்க பெட்டி எடையே ஒரு நங்கூரம்! அவ்வளவு சரக்கு உள்ள இருக்கு!"

"ஒங்க கைப்பிடி மாதிரி எங்களுக்கு இருக்கா? பிடிச்சா கையில வெண்ணெய் மாதிரி உக்காருது. நானே ஆடிப் பாத்திருக்கேன்."

"எப்ப ஆடுன?"

"போன வருஷம். சொல்லல."

லீமாரோஸ் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். செவ்வாய் மாலைக்குள் நூற்று நாற்பது பதிவுகள். ஓராண்டாக ஒருவன் பெட்டியில் மற்றவன் ஒரு நல்ல குணத்தைக்கூடக் கண்டதில்லை. இப்போது நாலாவது நாளுக்காக, எதிரியின் பெருமையை ஒவ்வொன்றாகத் தோண்டி எடுத்துக் கொட்டினார்கள். இது அன்பு என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. எதிரியைப் புகழ்ந்தது தன் லாபத்துக்காகத்தான். ஆனால் புகழ வேண்டுமானால் முதலில் பார்க்க வேண்டியிருக்கிறது. பார்த்ததைப் பிறகு பார்க்காததாக ஆக்க முடிவதில்லை. டொரன்டோ ஆசிரியர் எழுதினார்: "எந்தப் பெட்டியை வாங்குவது என்று ஒரு வருடமாகக் குழம்பினேன். இந்த இரண்டு நாளில்தான் இரண்டைப் பற்றியும் உண்மை தெரிந்தது."

புதன் நண்பகல் தீர்ப்பு. தன் கட்சிக்கு நாலு நாள் கொடுத்தால் அதற்கு என்ன பெயர் என்று அவளுக்குத் தெரியும். வெள்ளைக்கு நாலு, கருப்புக்கு மூன்று. திங்கள், புதன், சனி கருப்பின் நாட்கள். சேதுராமன் முணுமுணுத்தான், ஆனால் புதன் அவன் நாள் என்பதால் மாலை வரை ஆசை தீர எழுதினான்.

வியாழக்கிழமை வெள்ளையின் நாள். கூத்தையா உற்சாகத்தில் நீளமாக எழுதினான். நடுவில் ஒரு வரி: "கருப்போட தட்டுல பதினஞ்சு ஜிபிதான் கொள்ளும்." பத்து நிமிடத்தில் கீழே சேதுராமனின் பதிவு: "ஒரு அடுக்குக்கு இருபத்தஞ்சு. தெரியாட்டி எழுதாத."

அவள் அந்த வரியைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். வசவு இல்லை. சொன்னது சரி. அவளுடைய எழுபத்திரண்டாம் பகுதியில் அவளே எழுதிய எண் அது. சேதுராமனிடமிருந்து தனிமடல் வந்தது.

"லீமா, நான் சொன்னது சரிதான?"

"சரிதான். நாளு தப்பு."

"தப்பான நம்பர் அங்கன நிக்குது. படிக்கிறவன் நம்பிருவான். அதப் பாத்துக்கிட்டு சும்மா இருக்கச் சொல்றியா?"

"சனிக்கிழமை வரைக்கும் இருக்கணும்."

"என்னையே நிறுத்தப் போறியா? ஒன் திரிய முதல் ஆளா நின்னு படிச்சது நான்."

"தெரியும்."

"நிறுத்துனா நான் போயிருவேன். பாத்துக்க."

அவன் போனால் நாளை மதார் வந்து பார்க்கும்போது மன்றத்தின் மிக நல்ல எழுத்தாளனை அவளே துரத்தியிருப்பாள். நிறுத்தாவிட்டால் ஏற்பாடு அன்றே செத்துப்போகும். மாலைக்குள் நாய் பேய் எல்லாம் திரும்பி வந்துவிடும். நாட்டுப்படகுக்காரரின் வலை அறுந்த வெள்ளிக்கிழமையில், அந்த விசைப்படகுக்காரனுக்கும் நல்ல காரணம் ஒன்று இருந்திருக்கும். அவள் சேதுராமனின் பெயருக்கு எதிரே 'ஏழு நாள் நிறுத்தம்' என்று அமுக்கினாள். பதிவையும் நீக்கினாள். கூத்தையாவின் தப்பான எண் அங்கேயே நின்றது. நாள் தப்பாத பதிவு; அதைத் தொட அவளுக்கு உரிமை இல்லை.

வெள்ளிக்கிழமையும் வெள்ளையின் நாள்தான். காலை முழுக்க ஒரு பதிவும் இல்லை. எதிர்க்க ஆள் இல்லாத இடத்தில் பேசிப் பார்த்தவர்களுக்கு அந்த அமைதி தெரியும். நாம் சொன்னது மட்டும் தனியாக நிற்கும். அதன் கோணல் நமக்கே தெரியத் தொடங்கும். பதினொன்றரைக்குக் கூத்தையா வந்தான்.

"நேத்து நான் போட்ட நம்பர் தப்பு. சேதுராமன் சொன்னதுதான் சரி, இருபத்தஞ்சு. நானே தேடிப் பாத்தேன். அவருக்கு டோக்கன் இல்லாததால அவருக்காக நானே எழுதுறேன். அன்னைக்கு நாயின்னு சொன்னதும் தப்பு."

லீமாரோஸ் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்து, ஜன்னல் வரை போய், திரும்பி வந்து இன்னொரு முறை படித்தாள். பக்கத்து மேசைக்காரர் கேட்டார்: "என்னம்மா, லாட்டரி விழுந்திருச்சா?"

"அதவிடப் பெருசு, அண்ணாச்சி!"

ஆனால் மதார் இன்னும் வரவில்லை. துபாயில் ஜும்மா முடியும் நேரத்தைக் கணக்குப் போட்டு, மன்றத்தில் யார் யார் இருக்கிறார்கள் என்று காட்டும் கட்டத்தையே பார்த்திருந்தாள். மூன்று மணிக்கு அவர் பெயர் தெரிந்தது. அப்புறம் ஒரு சத்தமும் இல்லை. நாலு, நாலரை, ஐந்து. ஒரு பகுதியை அழிக்க இவ்வளவு நேரம் ஆகாது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். ஐந்தே காலுக்குப் போன்.

"தங்கச்சி, அழிக்கத்தான் வந்தேன். மொதல் பக்கத்துல இருந்து படிக்க ஆரம்பிச்சேன், சோறுகூட ஆறிப்போச்சு. ஒருத்தன் பெட்டிய இன்னொருத்தன் இப்படிப் புகழ்றான்! என்னம்மா பண்ணுனே?"

"நான் ஒண்ணும் பண்ணல காக்கா. யாரு நாட்டுப்படகுன்னு கேட்டேன்."

"நீ நிறுத்துனது பத்தி சேதுராமன் எனக்கு நீளமா மடல் போட்டிருக்கான். படிச்சேன். நம்பர் சரி, நிறுத்தம் நிக்கும். பகுதி இருக்கட்டும். ஒரு மாசத்துக்கு நான் எட்டியே பாக்க மாட்டேன்."

"அவரு போயிருவேன்னாரு."

"கூத்தையா எழுதுனதப் பாத்துட்டு உக்காந்திருக்கான். எங்க போவான்? ஆனா ஒண்ணு, நாளைக்குச் சனி. கருப்புக்கு நாளு, அவனுக்கு டோக்கன் இல்ல. நீயும் அந்தக் கட்சின்னு எனக்குத் தெரியும்; ஒங்க கட்சியில யாரு எழுதுவா?"

அவளுக்குச் சிரிப்புதான் வந்தது. மட்டுறுத்துநர் ஆன நாளிலிருந்து சண்டையில் அவள் ஒரு வரி எழுதியதில்லை.

இந்த ஏற்பாட்டைப் பெரிதாகச் சொல்ல ஒன்றும் இல்லை. எந்தப் பெட்டி நல்லது என்பதை அது முடிவு செய்யவில்லை. பாம்பனிலும் வலைகள் அறுந்துகொண்டுதான் இருந்தன. ஆளுக்கொரு நாள் வாய்மூடி இருக்க வைத்தது, அவ்வளவுதான்.

சனிக்கிழமை காலை பட்டியல் அனுப்பியாயிற்று. படகுத் துறையில் படகுகள் ஒன்றை ஒன்று இடித்துக்கொண்டு கிளம்பும் சத்தம் அலுவலகம் வரை கேட்டது. லீமாரோஸ் நாற்காலியை முன்னே இழுத்துப் போட்டு, விரல்களைச் சொடக்கெடுத்து, முதல் வரியை அடித்தாள்:

"கூத்தையா, நேற்று நீங்கள் எழுதியது நல்ல காரியம். இப்போது உங்கள் சில்லுக்கு வருவோம்."