ஜன்னலுக்கு அந்தப் பக்கம் பிரிண்டர்

ரூத்தா மௌஸ் தொடமாட்டாள். சவாயி தீவின் அந்தப் பள்ளி அலுவலகத்தில் அவள் வேலைக்குச் சேர்ந்த மாதமே மௌஸ் பழுதாகிவிட்டது. தலைநகர் அப்பியாவிலிருந்து புதியது வருவதற்குள் எல்லாவற்றையும் தட்டச்சு செய்தே முடிக்கப் பழகிவிட்டாள். கறுப்புத் திரையில் ஒரே ஒரு வரி: முதலில் அச்சிடச் சொல்லும் ‘எல்பி’ என்ற கட்டளை, பிறகு பிரிண்டரின் பெயர், கோப்பின் பெயர். எண்டரைத் தட்டினால், பள்ளியின் இணைப்பு எட்டும் இடத்தில் எங்கிருந்தாலும் அலுவலகத்தில் தாள் விழும். பள்ளியைக் கூட்டித் துடைக்கும் அவளுடைய அக்கா லுயிசா இதைச் சந்தையில் கேட்காதவர்களிடமும் சொல்லுவாள்.

அதனால்தான் வெள்ளை ஞாயிற்றுக்கான சபைக் கூட்டத்தில் ரூத்தா எழுந்து, "பிள்ளைங்க வசனத்தையெல்லாம் நான் அடிச்சுத் தரேன்" என்றபோது முதலில் கை தட்டியவள் லுயிசா. குழந்தைகளே பலிபீடத்தின் முன் நின்று பேசும் நாள் அது. அறுபத்து நாலு பிள்ளைகள், ஆளுக்கொரு தாள். பாதிரியாரின் மனைவி தெலேசியாவுக்கு மட்டும் நம்பிக்கை இல்லை.

"சனிக்கிழமை நாலு மணிக்கு முதல் ஒத்திகை. அதுக்குள்ள தாள் என் கைக்கு வரலேன்னா போன வருஷ வசனத்தையே சொல்ல வெச்சிடுவேன், பார்த்துக்கோ."

வசனங்களைப் புதிதாக எழுதித் தருவதாகச் சொன்னவன் அமெரிக்க ஆட்சியிலுள்ள பாகோ பாகோவில் இருக்கும் அத்தை மகன் சிமி. அனுப்பிவிட்டான், ஆனால் சனிக்கிழமை மதியம்தான். அதற்குள் தலைமையாசிரியர் ஒரு சாவுக்காகக் கப்பலேறி உப்போலுத் தீவுக்குப் போய்விட்டார், அலுவலகச் சாவியும் அவரோடு போய்விட்டது. போனில் கேட்டதற்கு, ஜன்னலின் கண்ணாடிப் பட்டைகளில் இரண்டைக் கழற்றிக்கொள்ளச் சொன்னார். அந்தச் சந்து வழியே லுயிசாவின் கை, ஜன்னலோரம் இருந்த பிரிண்டரில் தாள் விழும் தட்டு வரை எட்டியது. பிரிண்டரின் பொத்தான்கள் கைக்கு எட்டாமல் மறுபக்கம் இருந்தன.

பள்ளியை ஒட்டிய பாதிரியார் வீட்டு முற்றத்தில் மடிக்கணினியோடு உட்கார்ந்திருந்தாள் ரூத்தா. பள்ளியின் இணைப்பு அதுவரை எட்டும். மணி மூன்று ஐந்து.

"அக்கா, வந்துச்சா?"

"வரலடி. சிவப்பு வெளக்கு மின்னுது."

ரூத்தா மறுபடி அனுப்பினாள். பிறகு மூன்றாவது தடவையும்.

"என்னடி பண்ற? இது என்னைப் பார்த்துக் கண்ணடிக்குது, தாளைக் காணோம்!"

"சின்னத் திரையில என்ன எழுதியிருக்குன்னு படி."

லுயிசா எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவள். ஆனால் ஒரு எழுத்தையும் விடமாட்டாள். முகத்தைச் சந்தில் வைத்து நிதானமாகச் சொன்னாள்: "எல். டி. ஆர். அவ்வளவுதான். வேணும்னா இன்னொரு தடவை படிக்கிறேன்."

ரூத்தா தலையில் அடித்துக்கொண்டாள். "அடப்பாவி சிமி! எல்டிஆர்னா லெட்டர், அமெரிக்கத் தாளுடி அக்கா அது. பாகோவுல எல்லாமே அந்த அளவுதான். அகலம் கொஞ்சம் ஜாஸ்தி, நீளம் கம்மி. நம்ம பிரிண்டர் அந்தத் தாளைக் குடுன்னு கேட்டுக்கிட்டு நிக்குது."

"அதுக்கு நான் பாகோ போயா வாங்கிட்டு வர முடியும்?"

"வேணாம். உள்ள எத்தனை தாள் இருக்கு?"

"எழுபது. நேத்து எண்ணித்தான் வெச்சேன்."

ரூத்தா கணக்குப் போட்டாள். மூன்று தடவை அனுப்பியவை அத்தனையும் பிரிண்டரின் வரிசையில் காத்திருந்தன. அளவைப் பார்க்காமல் பிரிண்டர் கிளம்பிவிட்டால், ஓரம் வெட்டுப்பட்ட பக்கங்களிலேயே எழுபது தாளும் தீர்ந்துவிடும், சரியானதை அடிக்கத் தாள் மிஞ்சாது. ஒரு வரியில் வரிசை முழுவதையும் ரத்து செய்தாள். காலிதானா என்று இன்னொரு வரியில் கேட்டுப் பார்த்தாள். காலி. பிறகு, தாள் ஏ நான்கு, எழுத்துகளை அதற்குள் அடக்கு, முதல் பக்கம் மட்டும் என்று அடித்தாள்.

"வருது... வருது... வந்துடுச்சுடி!" லுயிசா தாளை வெளியே இழுத்துப் பிடித்தாள். "ஓரத்துல எதுவும் வெட்டுப்படல. அடியில கடைசி வரி வரைக்கும் இருக்கு."

"மேல பேரு?"

"மானுயா. முழுப் பேரும் இருக்கு. மிச்சத்தை அனுப்பு, மணி மூணே முக்கால்!"

பிரிண்டர் துப்பத் துப்ப லுயிசா கைப்பிடி கைப்பிடியாக இழுத்தாள். சத்தம் கேட்டுத் தெலேசியா வந்து பின்னால் நின்றார்.

"திருடறதுக்கு வேற ஜன்னல் கிடைக்கலையா லுயிசா?"

"அறுபத்து ரெண்டு, பேசாதீங்கம்மா, அறுபத்து மூணு... அறுபத்து நாலு!"

தெலேசியா தாள்களை வாங்கி, தானும் ஒருமுறை எண்ணினார். முற்றத்தைப் பார்த்து, "ரூத்தா, எழுந்து வா. பெரிய பிள்ளைங்களுக்கு நீயே வசனம் சொல்லிக்குடு" என்று கூப்பிட்டார்.

லுயிசா கண்ணாடிப் பட்டைகளைத் துடைத்து ஒவ்வொன்றாகச் செருகிக்கொண்டிருந்தபோது, கோயிலுக்குள் அறுபத்து நாலு பிள்ளைகளும் அவரவர் தாளை ஒரே நேரத்தில் உரக்கப் படிக்கத் தொடங்கியிருந்தார்கள்.