சில்வர் ஹாக்கின் மூடி

1957 மே 18. சில்வர் ஹாக் கார், புதியது, வெள்ளையும் பச்சைநீலமும். ஆலை ஊழியர் சலுகை போக 2,090 டாலர்.
1966 அக்டோபர் 4 முதல் 1968 டிசம்பர் 10 வரை. இண்டியானாபொலிஸ் மருத்துவமனை. 61 பயணம், 17,324 மைல்.
1969 மார்ச் 8. விற்றது. 350 டாலர்.
1982 ஜூன் 12. வேறொரு சில்வர் ஹாக், அதே ஆண்டு வண்டி, துருப்பிடித்தது. 1,400 டாலர்.
1985 ஏப்ரல் 27. ஸ்பேருக்காக ஒரு வண்டி, கருப்பு. 150 டாலர்.
1985 ஜூன் 1. அதன் மிச்சம், எடைக்குப் போட்டது. 41 டாலர்.
1973 முதல் 1994 செப்டம்பர் வரை. எழுதிய கடிதம் 213. வந்த பதில் 64.

கஸ் பிலார்ஸ்கியின் நோட்டுப் புத்தகங்களிலிருந்து இவ்வளவுதான் எடுக்க வேண்டியிருக்கிறது. மற்றதெல்லாம் எண்ணெய் மாற்றிய தேதி, டயர் மாற்றிய தேதி.

சவுத் பெண்டில் ஸ்டூடிபேக்கர் கார் ஆலை ஓடிய காலத்தில் கஸ் அதன் ஸ்பேர் கிட்டங்கியில் எழுத்தராக இருந்தார். அறுபத்து மூன்று டிசம்பரில் ஆலையை மூடியபோது மேற்கு வார்டில் பாதி வீடுகளில் அடுப்பு அணைந்தது. கிட்டங்கியை மட்டும் விட்டுவைத்தார்கள். விற்ற வண்டிகளுக்கு ஸ்பேர் கொடுத்துத்தானே ஆக வேண்டும். கஸ் தப்பினார். எந்தத் திருகாணிக்கு என்ன எண் என்று பெட்டியைத் திறக்காமலே சொல்வார். "கஸ்ஸைக் குலுக்கினா நம்பர்தான் கொட்டும்" என்பார்கள் சக ஊழியர்கள்.

அவருக்கும் மனைவி ஃப்ளோவுக்கும் ஒரே பிள்ளை, டென்னிஸ். பதினாறு வயதில் சிறுநீரகம் கெட்டது. செவ்வாய்க்கிழமைகளில் மருத்துவமனை. போக 142 மைல், வர 142. செவ்வாய் விடுப்புக்கு ஈடாகச் சனிக்கிழமை வேலை செய்தார் கஸ். ஃப்ளோவுக்குச் சலவை ஆலையில் லீவு கிடையாது. ஆகவே வண்டியில் அப்பனும் பிள்ளையும் மட்டும்.

வழியில் கஸ் பேசமாட்டார். பேசத் தெரியாது. மைல் கணக்கை மட்டும் சொல்வார், டென்னிஸ் எழுதிக்கொள்வான். ஒரு நாள் நோட்டுப் புத்தகத்தை வீட்டில் வைத்துவிட்டு வந்துவிட்டார்கள். பையன் டேஷ்போர்டுப் பெட்டியைத் திறந்து, அதன் மூடியின் உட்புறத்தில், வண்ணப்பூச்சின் மேலேயே பென்சிலால் எழுதினான். அதன் பிறகு அதுவே வழக்கமாகிவிட்டது. பயண எண், மைல், பக்கத்தில் இரண்டு வார்த்தை. ஒவ்வொரு முறையும் வீடு திரும்பியதும் கஸ் மைல் கணக்கை மூடியிலிருந்து நோட்டில் ஏற்றிக்கொள்வார். வார்த்தைகளை ஏற்றவில்லை. நோட்டில் வார்த்தைக்குக் கட்டம் இல்லை.

அறுபத்தோராவது பயணத்தில் கஸ் தனியாகத் திரும்பி வந்தார்.

அந்தக் குளிர்காலம் முழுவதும் அவரால் வண்டியில் உட்கார முடியவில்லை. வேலைக்குப் பஸ்ஸில் போனார். மார்ச்சில் ஒரு சனிக்கிழமை, தவக்கால வழிபாட்டுக்கு ஃப்ளோ கோவிலுக்குப் போயிருந்த நேரம் பார்த்து, கோஷன் ஊர் வாத்தியார் ஒருவருக்கு வண்டியை விற்றுவிட்டார். அவள் திரும்பி வந்தபோது கொட்டகை காலி. கோட்டைக்கூடக் கழற்றாமல் வாசலிலேயே நின்றாள்.

"மூடி?" என்றாள்.

கஸ் விழித்தார்.

"மூடியையாவது கழட்டி வச்சிருக்கலாமே, கஸ். நாலு ஸ்க்ரூ. நாலே நாலு ஸ்க்ரூ."

அந்த மூடியை அவள் ஒரே ஒரு தரம்தான் பார்த்திருந்தாள், அடக்கம் முடிந்த மறுநாள். இரண்டு வரி நினைவிருந்தது. "பயணம் 9. மழை. அப்பா பேசலை." இன்னொன்று, வழியிலுள்ள பெரு என்ற ஊரைப் பற்றி, "பயணம் 23. பெரு ஊரில் தர்பூசணி, உப்பு போட்டு." மற்ற வரிகளெல்லாம் வண்டியோடு போயின.

நான்கு வருடம் அதைப் பற்றி வீட்டில் பேச்சே இல்லை. எழுபத்து மூன்றில் ஒரு நாள் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டே, ஏறெடுத்துப் பார்க்காமல், "அந்த வாத்தியார்கிட்ட வண்டி இன்னும் இருக்கான்னு கேக்கலாம்ல?" என்றாள். கஸ் அன்றே கோஷனுக்குப் போனார்.

வாத்தியார் நல்ல மனிதர். தலையைச் சொறிந்தார். "அதுங்களா? விமானப்படைப் பையன் ஒருத்தன் வாங்கினான். டெக்சாஸ் போறேன்னான்."

அவ்வளவு போதும், கஸ் எழுத உட்கார்ந்தார். டெக்சாஸ் வாகனப் பதிவு அலுவலகம், விமானதளங்கள், ஸ்டூடிபேக்கர் வண்டி வைத்திருப்போர் மன்றத்தின் உறுப்பினர் பட்டியலில் டெக்சாஸ், ஓக்லஹோமா முகவரிகள் அத்தனையும். ஒவ்வொரு கடிதத்திலும் வண்டியின் வரிசை எண், கீழே ஒரே மாதிரி ஒரு வாக்கியம்: வண்டி வேண்டாம், டேஷ்போர்டுப் பெட்டியின் மூடி மட்டும் போதும், கேட்ட விலை தருகிறேன். பதில் எழுதியவர்களில் பாதிப் பேர் தங்கள் வண்டிக் கதையை எழுதியிருந்தார்கள். ஒருவர் மூடியையே அனுப்பிவிட்டார், வேறொரு வண்டியின் மூடி. ஃப்ளோ அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுப் பொட்டலம் கட்டித் திருப்பி அனுப்பினாள்.

எண்பத்திரண்டில், அதே ஆண்டு சில்வர் ஹாக் ஒன்றை வாங்கிச் சீர்செய்யத் தொடங்கினார். மன்றத்துக்காரர்களோடு நெருங்கிப் பழகினால் தகவல் கிடைக்கும் என்பது சாக்கு. கை சும்மா இருக்க முடியவில்லை என்பது உண்மை. துணைக்கு மிஷவாக்காவிலிருந்து மாரிஸ் வெர்ஹாக் வருவார். பந்தயப் புறா வளர்ப்பவர், கிட்டங்கியில் பழைய சகா, வாய் ஓயாதவர்.

எண்பத்தைந்து ஏப்ரலில் இருவரும் நாப்பனி சாலைக் காயலான் கடைக்குப் போனார்கள். முள்செடிக்குள் ஒரு ஹாக் மூக்கைப் புதைத்துக் கிடந்தது. உள்ளும் புறமும் கருப்பு, தூரிகையால் பூசிய தடித்த கருப்பு. பம்பர்கூடக் கருப்பு.

"என்னடா இது, சவ ஊர்வலத்துல இருந்து ஓடி வந்த மாதிரி!" என்றார் வெர்ஹாக்.

"சபைக்காரங்க வண்டிங்க," என்றார் கடைக்காரர். அந்தப் பக்கத்தில் எளிமையாக வாழும் மென்னோனைட்டுக் கிறிஸ்தவர்களில் ஒரு சபை. குதிரை வண்டியை விட்டு மோட்டாருக்கு வந்தவர்கள், ஆனால் பளபளப்பு பெருமை என்று பம்பரையும் கருப்படித்துவிடுவார்கள். "எஞ்சின் உடைஞ்சுபோச்சுன்னு ஒருத்தர் போட்டுட்டுப் போனாரு. நூத்தம்பது."

"பேப்பர்?" என்று கேட்டார் கஸ்.

"பேப்பர் இருந்தா ஐநூறு சொல்லமாட்டேனா?"

இந்தத் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. பேப்பர் இல்லாத வண்டி வண்டியல்ல, ஸ்பேர். அதற்கு எண் கேட்பதில்லை. சாலையில் ஓடப் போவதில்லை, பதிவு செய்யப் போவதில்லை, எண் எதற்கு? ஓட்டுநர் கதவுத் தூணில் எண் தகடு இருந்தது, கருப்புப் பூச்சுக்கு அடியில். துணியைத் தின்னரில் நனைத்துப் பத்து நிமிடம் தேய்த்தால் தெரிந்திருக்கும். கஸ் தேய்க்கவில்லை. கருப்புக்கு அடியில் ஓரிடத்தில் பச்சைநீலம் எட்டிப் பார்த்ததையும் கவனித்தார். அந்த ஆண்டு எத்தனையோ வண்டிகள் அந்த நிறம். அவருடைய வண்டிதான் டெக்சாஸில் இருக்கிறதே.

நோட்டில் அந்த வண்டிக்கு ஒரு பக்கம் ஒதுக்கினார். எடுத்த பொருள், நிலை, செய்த வேலை, ஆன நேரம். வலது கதவு. முன் பம்பர், கருப்புச் சுரண்ட ஆறு மணி நேரம். வரிசை எண் என்ற கட்டத்தில் ஒரு சிறு கோடு போட்டார். நாற்பது வருட நோட்டுகளில் அந்தக் கட்டத்தில் கோடு விழுந்தது அங்கே மட்டும்தான்.

வேண்டியதை எடுத்த பிறகு வெர்ஹாக் கேஸ் கட்டரால் உடலைத் துண்டு போட்டார். கதவுத் தூண் எடைக்குப் போயிற்று.

எண்பத்தேழு ஜூலை பத்தொன்பதாம் தேதி, ஞாயிறு, மன்றத்தின் கண்காட்சி. கஸ்ஸின் ஹாக் நானூற்றுக்கு முந்நூற்றுத் தொண்ணூற்றாறு மதிப்பெண் வாங்கியது. கை விளக்கோடு வண்டிக்கு அடியில் படுத்துப் பார்க்கும் நடுவர்களே எழுந்து வந்து கை கொடுத்தார்கள். ஃப்ளோ முன்சீட்டில் உட்கார்ந்திருந்தாள். டேஷ்போர்டுப் பெட்டியைத் திறந்தாள். மூடியின் உட்புறத்தை உள்ளங்கையால் ஒரு முறை தடவினாள்.

"வழுவழுன்னு இருக்கு," என்றாள். "நல்லாத்தான் பண்ணியிருக்க." மூடியை மெதுவாகச் சாத்தினாள்.

வருடங்கள் ஓடின. டெக்சாஸிலிருந்து பதில் வருவது நின்றுபோயிற்று. தொண்ணூற்று நாலு கோடையில் ஃப்ளோவுக்கு இதயம் பலவீனம் என்றார் டாக்டர். அவள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் ஒரு நாள் காப்பி ஊற்றும்போது சொன்னாள்: "பயணம் இருபத்து மூணா, முப்பத்து மூணா? தர்பூசணி? எனக்கு இப்பக் குழம்புது, கஸ்."

அன்று மாலையே கஸ் மிஷவாக்காவுக்குப் போனார். வெர்ஹாக்கிடம் சொன்னபோது அவர் புறாக் கூண்டிலிருந்து தலையை நீட்டாமலே கத்தினார்: "இருபத்தோரு வருஷமா டெக்சாஸ், டெக்சாஸ்னு அலையறியே! என் புறாகூட முதல்ல பக்கத்துத் தெருவுல இறங்கிப் பாக்கும்டா. அந்த வாத்தியார் தலையைச் சொறிஞ்சு சொன்னதை வேதவாக்கா எடுத்துக்கிட்டியா?"

அதில் நியாயம் இருந்தது. கோஷன் அடங்கிய எல்க்ஹார்ட் வட்டாரத்தில் விவசாய ஏல அறிவிப்புகள் அச்சாகும் வாராந்தரத் தாள் ஒன்று உண்டு, மாட்டுத் தீவனக் கடையில் இலவசமாகக் கிடைக்கும். ஆகஸ்டிலும் செப்டம்பரிலும் வண்டி எண்ணோடு அதில் விளம்பரம் கொடுத்தார்.

அக்டோபரில் ஒரு உறை வந்தது. கோடு போட்ட தாளில் நீல மசியில் எழுதியிருந்தது. எழுதியவர் மார்த்தா ரேமர், நாப்பனி.

"மதிப்புக்குரிய ஐயா, எங்கள் தந்தை எலாம் ரேமர் இந்த வசந்தத்தில் காலமானார். அவருடைய வேதாகமப் பெட்டியில் ஒரு காரின் உரிமைப் பத்திரம் இருந்தது. அதிலுள்ள எண்ணும் உங்கள் விளம்பரத்தின் எண்ணும் ஒன்று. 1971-ல் கோஷனில் ஒரு ஆசிரியரிடம் வாங்கினார். அவர் அந்தக் கோடையில் இரண்டு கார்களை விற்றார், மற்றதை ஒரு விமானப்படைப் பையன் வாங்கினான் என்று அப்பா சொல்லியிருக்கிறார். எங்கள் சபை முறைப்படி அப்பா காரைக் கருப்பாக்கினார். முன்பெட்டி மூடியின் உள்ளே ஒரு பிள்ளை எழுதியிருந்தது. அதன் மேல் பூச்சு அடிக்க அப்பாவுக்கு மனம் வரவில்லை. பிள்ளையின் எழுத்தை அழிக்க நமக்கு உரிமை இல்லை என்றார். மைதாப் பசையால் அதன் மேல் கருப்புத் துணியை ஒட்டிவிட்டார். எவராவது தேடி வந்தால் தண்ணீரில் நனைத்தால் போதும், துணி வந்துவிடும் என்றார். 1984-ல் எஞ்சின் உடைந்து, எங்கள் சாலையிலுள்ள பழைய கார்க் கடையில் காரை விட்டார். அடுத்த வருடம் ஸ்டூடிபேக்கர் வைத்திருக்கும் இரண்டு பேர் வாங்கிப் போனதாகக் கடைக்காரர் சொல்கிறார். உங்களைப் போன்ற பிரியர்கள்தான், பத்திரமாக வைத்திருப்பார்கள். அவர்களை விசாரியுங்கள். துணி ஒட்டும் முன் அப்பா எங்களுக்கு ஒரு வரி படித்துக் காட்டினார், எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. 'பயணம் 31. இன்னைக்கு நான் ஓட்டினேன், பதினோரு மைல். அம்மாகிட்ட சொல்லக் கூடாது.'"

கஸ் கடிதத்தை மடித்தார். அலமாரியிலிருந்து எண்பத்தைந்தாம் வருட நோட்டை எடுத்தார். எந்தப் பக்கம் என்று தேட வேண்டியிருக்கவில்லை.

"டேஷ்போர்டுப் பெட்டி மூடி. உள்ளே கருப்புத் துணி ஒட்டியுள்ளது. உரிக்கவில்லை. துணியோடு காஸ்டிக் சோடாத் தொட்டி, 40 நிமிடம். துணி, பூச்சு முழுவதும் நீங்கிச் சுத்தம். புது வெள்ளைப் பூச்சு, மூன்று தடவை. வண்டியில் பொருத்தியது."

"யாரு லெட்டர்?" சமையலறையிலிருந்து ஃப்ளோ கேட்டாள். "டெக்சாஸா?"

"இல்ல. நாப்பனி."

பாத்திரத்தைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது. "கிடைச்சுதா?"

கஸ் கொட்டகைக்குப் போனார். நான்கு திருகாணி. இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. மூடியைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார், பக்கத்தில் கடிதம், நோட்டு.

ஃப்ளோ கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு படித்தாள். கடைசி வரி வந்ததும் அவள் உதடு அசைந்தது. பதினோரு மைல் என்று சத்தமில்லாமல் இரண்டு முறை சொன்னாள். பிறகு மூடியைத் திருப்பி உட்புறத்தைப் பார்த்தாள். ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே சாய்த்து, நகத்தால் மெல்லக் கீறினாள். வெள்ளைக்கு அடியில் இரும்பு.

"எவ்வளவு நேரம் போட்டு வச்ச?"

எழுதி வைத்திருப்பார் என்று அவளுக்குத் தெரியும்.

"நாற்பது நிமிஷம்."

அவள் தலையை ஆட்டினாள். கண்ணாடியைக் கழற்றினாள். "நான் தடவிப் பாத்தேன்," என்றாள். "அன்னைக்கு கண்காட்சியில. தடவிட்டு நல்லாருக்குன்னு சொன்னேன்." மேசையைப் பிடித்துக்கொண்டு எழுந்து உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். மூடியை அவள் எடுத்துப் போகவில்லை.

இருட்டும்வரை கஸ் அங்கேயே இருந்தார். பிறகு விளக்கைப் போட்டு, பேனாவை எடுத்து, எண்பத்தைந்தாம் வருடப் பக்கத்தில் அந்தச் சிறு கோட்டை அடித்துவிட்டு அதன் மேல் வண்டியின் வரிசை எண்ணை எழுதினார். பார்த்து எழுத வேண்டிய எண்ணல்ல. கடிதக் கணக்கு நோட்டில், வந்த பதில் என்ற பகுதியில் 65 என்று போட்டார். விவரம் என்ற கட்டத்தைக் காலியாக விட்டார். தேதிக் கட்டத்தை மட்டும் நிரப்பினார்.

1994 அக்டோபர் 12, புதன்.