மூன்றாம் ஞாயிற்றுக்கிழமைப் பக்கம்

ஆஸ்பத்திரியின் கீழ்த்தளத்தில், சலவை அறைக்குப் பக்கத்தில், ஜன்னலே இல்லாத ஒரு பட்டறை. அங்கேதான் காலிபர்காரர் முப்பத்தொரு வருஷமாக, நிற்க முடியாத கால்களுக்கு அலுமினியச் சட்டமும் தோல் பட்டையும் சேர்த்துக் காலிபர் செய்துகொண்டிருந்தார். ஓய்வுக்கு இன்னும் இரண்டு வருஷம். மனுஷன் களைத்துப்போயிருந்தார். உட்கார்ந்தால் எழுந்திருக்கப் பிடிக்காது. எழுந்துவிட்டால் மறுபடி உட்காரப் பயம். "ஊரார் காலை நிமிர்த்தி நிமிர்த்தி என் முதுகு வளைஞ்சு போச்சு" என்று சொல்லிச் சிரிப்பார். அந்தச் சிரிப்பும் பாதியிலேயே நின்றுவிடும்.

ஞாயிற்றுக்கிழமை மட்டும் வேறு வேலை. புத்தர் மண்டபத்தில் தியானம் முடிந்ததும், பழைய போதனைகளைக் கூட்டத்துக்கு வாசிப்பார். கணீரென்ற குரல். வாரத்துக்கு ஒன்றாக நாலு பக்கம், பிளாஸ்டிக் உறை போட்டுத் தயாராக இருக்கும். மூன்றாம் வாரத்துப் பக்கம் கர்மத்தைப் பற்றியது. போன பிறவியில் உயிர்களை அடித்துத் துன்புறுத்தியவர்கள் இந்தப் பிறவியில் நோயோடு வாழ்வார்கள் என்று அதில் இருந்தது. இருபத்திரண்டு வருஷமாகப் பிசகாமல் வாசித்து வந்தார். கேட்க வராத ஒரே ஆள் அவர் மனைவிதான். முட்டி வலி என்பாள். அவரும் நம்பினார்.

சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி. அந்தக் கதைதான் நடந்தது. மகளின் காலிபருக்காகச் செவ்வாய்தோறும் பட்டறைக்கு வரும் தையல்காரம்மாவிடம், "ஒரு நாள் மண்டபத்துக்கு வாங்கம்மா, மனசு லேசாகும்" என்று இவரே வாயைக் கொடுத்தார். அவளுக்கு ஏழு வயசில் ஒரு பெண், பிறந்ததிலிருந்து வலது காலில் பலமில்லை. வாயில் மட்டும் அபாரப் பலம். பட்டறையே அவளை வாயாடி என்றுதான் கூப்பிடும்.

வந்தார்கள். வந்தது மூன்றாம் ஞாயிறு. அட, அதையாவது யோசித்திருக்க வேண்டாமா? யோசிக்கவில்லை. வழக்கம்போலக் கணீரென்று வாசித்தார். நிமிர்ந்தபோது தையல்காரம்மா பிள்ளையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு வெளியே போய்க்கொண்டிருந்தாள்.

அடுத்த செவ்வாய் அவர்கள் பட்டறைக்கு வரவில்லை. அதற்கடுத்த செவ்வாயும் இல்லை. போன் போட்டார்.

"என்னம்மா இது? வளர்ற புள்ள. சட்டத்தை ஒரு துளை இறக்கியே ஆகணும். போடாம விட்டா முட்டி மடங்கிப்போயிடும். அப்புறம் நான் தலைகீழா நின்னாலும் நிமிராது."

"ஐயா, அவ தினமும் ஒரே கேள்வி கேக்குறா. 'அம்மா, நான் யாரை அடிச்சேன்?'ங்கறா. நான் என்ன சொல்லட்டும்? இத்தனை நாளா பட்டை மாட்டும்போதெல்லாம் நீங்களும் மனசுல இதைத்தான் நெனச்சீங்களா?"

போனை அவளே வைத்துவிட்டாள்.

மண்டபத்துக்குப் போனார். பிக்கு வந்து மூணு வருஷம்தான் ஆகிறது. இவருக்கு மகனாகிற வயசு.

"சாமி, அந்தப் பக்கத்தை எடுத்துடலாமா?"

"எடுக்க நான் யாரு? பழைய வாக்கு. ஆனா எனக்கும் உறுத்துது. மூணாவது வாரம் நீங்க வாசிக்கும்போது நான் கண்ணை மூடிக்குவேன். ஜனங்க தியானம்னு நெனச்சுக்குவாங்க." பிக்கு அலமாரியைத் திறந்து வேறொரு தாளை எடுத்தார். "இதுவும் பழைய வாக்குதான். நோய் பித்தத்தால வரும், கபத்தால வரும், வாயுவால வரும், பருவம் மாறினாலும் வரும். கர்மம் அதுல ஒண்ணு, அவ்வளவுதான். எல்லாத்தையும் போன பிறவி தலையில கட்டாதீங்கன்னு புத்தரே சொல்லியிருக்கார். இது இங்கேயேதான் இருந்துச்சு. நாலு பக்கத்தைப் பொறுக்கி உறை போட்டது யாரு?"

"நான்தான்."

அவர்தான். இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால், அவருடைய நாலு வயசு மகள் ஒன்பது நாள் ஜுரத்தில் போய்விட்டாள். ஏன் என்று ஒரு டாக்டரும் சொல்லவில்லை. அந்தப் பக்கம் ஒன்றுதான் சொன்னது. காரணம் என்று ஒன்று இருக்கிறது என்பதே போதுமாக இருந்தது. அதைப் பிடித்துக்கொண்டுதான் மறுபடி வேலைக்குப் போனார், சாப்பிட்டார், தூங்கினார். இப்போது இந்தத் தாளைப் பார்த்தால், அது வெறும் பருவக் காய்ச்சலாகவே இருந்திருக்கலாம். அவ்வளவுதானா? தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் நடந்ததைச் சொல்லி, அந்தப் பிள்ளை வீட்டுக்குப் போக வேண்டும் என்றார்.

"நானும் வர்றேன்."

"மூணாவது மாடியாம். உனக்கு முட்டி வலி..."

"அது கெடக்கு, கெளம்புங்க."

தையல்காரம்மா கதவைத் திறந்தாள். திறந்துவிட்டு மறுபடி மெஷினில் போய் உட்கார்ந்துகொண்டாள். வாயாடி சுவரைப் பிடித்து ஒற்றைக் காலில் நின்றாள். காலிபர் மூலையில் தூசி படிந்து கிடந்தது. அவர் பிக்கு கொடுத்த தாளைச் சட்டைப் பையிலிருந்து எடுக்கப் போனார்.

"வாசிக்க வேணாங்கய்யா" என்றாள் தையல்காரம்மா. "நீங்க சொல்லுங்க. நீங்க என்ன நெனக்கிறீங்க?"

தாள் பையிலேயே இருந்தது. வாயைத் திறந்தபோது அந்தக் கணீர்க் குரலைக் காணோம்.

"எனக்கும் ஒரு பொண்ணு இருந்தாம்மா. நாலு வயசு, ஜுரத்துல போயிட்டா. அவ யாரையும் அடிக்கலம்மா. எந்தப் பிறவியிலயும் அடிக்கல. உம்மகளும் அடிக்கல."

பின்னால் மனைவி வாசற்படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"இதைச் சொல்ல உங்களுக்கு இருபத்திரண்டு வருஷமா ஆச்சு?" என்றாள். "முதல் தடவை நீங்க அந்தப் பக்கத்தை வாசிச்சப்போ நானும் அந்தக் கூட்டத்துல இருந்தேன். நாலு வயசுப் புள்ளையக் குத்தவாளியாக்கி, ஊரைக் கூட்டி வாசிச்சீங்க. அதுக்கப்புறம்தான் எனக்கு முட்டி வலி வந்துச்சு."

மெஷின் நின்றது. வாயாடிதான் சுவரோரமாகவே குதித்துப் போய்க் காலிபரை எடுத்துக்கொண்டு வந்து, அவர் முன்னால் உட்கார்ந்து காலை நீட்டினாள்.

"தாத்தா, துளை இறக்குங்க. இது இப்போ கடிக்குது."

அவர் தரையில் மண்டியிட்டு, கொண்டுவந்த திருப்புளியை எடுத்தார். கண் கலங்கியதில் துளை எது, திருகு எது என்று தெரியவில்லை. மனைவி எழுந்து வந்து சட்டத்தை அசையாமல் பிடித்துக்கொண்டாள்.